சிவப்புத் துணி கட்டிய லிஃப்ட்

சனிக்கிழமை சாப்பிட்ட கையோடு அம்மாவின் புத்தகப் பைக்குச் சக்கரம் மாட்ட உட்கார்ந்தார்கள். பை அம்மாவே தைத்தது. வெளியே தடித்த நீலத் துணி, உள்ளே சிவப்பு லைனிங். இரண்டும் தையல் ஆலையில் கழித்துப்போட்ட துண்டுகள். மகள் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போன இடத்தில் உடைந்து கிடந்த தள்ளுவண்டியிலிருந்து ஒரு ஜோடிச் சக்கரத்தைக் கழற்றி வந்திருந்தாள். பையின் அடியில் ஒரு பலகை, பலகைக்குக் கீழே அச்சு, மூலைக்கொரு போல்ட். அம்மா பிடித்துக்கொள்ள, மகள் துளை போட்டாள்.

"ஆடாம பிடிம்மா."

"நான் எங்கடி ஆடறேன்? பைதான் ஆடுது."

"பை தானா ஆடுமா?"

"இத்தனை மலையும் ஆறும் உள்ள கெடந்தா ஆடாம என்ன பண்ணும்?"

அம்மா பல்கலைக்கழகத்தில் புவியியல் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயது. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மகள்கூட மிதித்ததில்லை.

வேலை முடிந்ததும் அம்மா பையைக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துப் பார்த்தாள். சத்தமில்லாமல் ஓடியது. முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தவள், சுவரில் சாய்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"படியில உருளுமாடி இது?"

"படியில எதுக்கு உருட்டணும்? லிஃப்ட்ல போ."

"அதான் ஓடலைன்னு சொன்னேனே."

"இன்னுமா ஓடல?"

"நாலு மாடிதான. பழகிடுச்சு."

"ஆபீஸ்ல யாராவது சொன்னாங்களா?"

அம்மா பலகை மேல் கிடந்த மரத்தூளை ஊதினாள். "அதுக்கு வேண்டியதைப் பண்ணியாச்சு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்க ஆளுங்க யாராவது அந்தப் பக்கம் வருவாங்களா?" என்று கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

"கம்ப்ளைண்ட் வந்தாத்தான்மா நாங்க போவோம். ஊருல ஓடாத லிஃப்டை எல்லாம் தேடிக்கிட்டுப் போக முடியுமா? ஆபீஸ்ல போய் வாயைத் தொறந்து சொல்லு."

வீட்டில் பேசும் குரல் அல்ல அது. மகள் வாடிக்கையாளர்களிடம் பேசும் குரல். துளைபோடும் கருவியைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"சரி சரி, வள்ளுன்னு விழாத. திங்கக்கெழம மொத வேலையா சொல்லிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனைக்குத்தான் மகள் எழுந்து வந்தாள். அம்மாவின் கை மடியில் இருந்தது. அடுப்பைத் துடைக்கும் துணி கையில் தயாராக இருந்தது.

"இதயம் ரொம்ப நாளா பலவீனமா இருந்திருக்கு" என்றார் டாக்டர். "மூச்சு வாங்குதுன்னு சொல்லுவாங்களா?"

"சொன்னதில்ல."

"படி ஏறுவாங்களா?"

"தினமும். நாலு மாடி."

டாக்டர் நல்ல மனிதர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதனாலதான்னு சொல்லிட முடியாதும்மா" என்றார்.

மகள் இயந்திரம் நின்றால் காரணம் கண்டுபிடிக்காமல் இடத்தைவிட்டு நகராதவள். கயிறா, மோட்டாரா, கதவா, ஏதோ ஒன்று. 'சொல்லிட முடியாது' என்று ஒரு காரணம் அவள் படித்த எந்தப் பாடத்திலும் கிடையாது.

*

அம்மா பாவாடைப் பருவம் தாண்டியதும் தையல் ஆலைக்குள் போனவள். காலர் வைக்கும் லைன். ஒருத்தி வெட்ட, ஒருத்தி மடிக்க, ஒருத்தி தைக்க, சட்டைகள் பண்டல் பண்டலாகக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. தப்பைக் கண்டவள் வாயைத் திறந்தால் தப்பு அவளுடையதாகிவிடும். "மேடம், இந்த பண்டல்ல தையல் கோணலா இருக்கு" என்று யாராவது சொன்னால் சூப்பர்வைசர் பண்டலை அவள் மேசையிலேயே தூக்கி வைப்பாள். "கண்ணு நல்லாத் தெரியுதே, நீயே பிரிச்சுத் தை." அதனால் எல்லோரும் பார்ப்பார்கள், எல்லோரும் தள்ளி விடுவார்கள்.

மெஷின் நின்றால் இன்னும் மோசம். சொன்னவளிடம்தான் முதல் கேள்வி, "நீ என்னடி பண்ணின?" இதற்காகவே லைனில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நின்றுபோன மெஷினின் தலையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மெக்கானிக் சுற்றி வரும்போது துணியைப் பார்ப்பார், உட்கார்ந்து சரி செய்வார், தானே துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். ஒரு வார்த்தை கிடையாது. யார் தலையும் உருளாது. அம்மா இதைப் பெரிய நாகரிகம் என்றே நினைத்தாள்.

"அந்த மெக்கானிக் மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததில்லடி. கேள்வியே கேக்க மாட்டாரு. துணிதான் அவருக்கு லெட்டரு" என்பாள்.

மகள் மெக்கானிக்காகப் போனதில் அவளுக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு முள்ளும் இருந்தது. அப்பா படுத்த படுக்கையான வருடம்தான் மகள் பள்ளியை முடித்தாள். கல்லூரிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. லிஃப்ட் கம்பெனியின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள், வேலை கிடைத்தது, அப்பா போய்ச் சேர்ந்தார், அதோடு அந்தக் கதை முடிந்தது. பல வருடம் கழித்து ஆலை வேறு ஊருக்கு மாறியபோது, அம்மாவைப் பல்கலைக்கழகத்தில் பெரியவர்களுக்கான இடத்துக்கு மனுப் போட வைத்ததே மகள்தான். சட்டைக் காலருக்குள் நாட்டின் பெயர் போட்ட லேபிளை வைத்துத் தைத்து வாழ்நாளில் பாதி போய்விட்டது. அந்த நாடெல்லாம் எந்த மூலையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். இடம் கிடைத்த அன்று சிரித்தாள். மறுநாளிலிருந்து ஆரம்பித்தாள்.

"உன் நாற்காலியில நான் போய் உக்காந்துக்கிட்ட மாதிரி இருக்குடி."

"எனக்கு நட்டும் போல்ட்டும்தான்மா பிடிக்கும். எத்தனை தடவ சொல்றது?"

"நீ அப்படித்தான் சொல்லுவ."

மகள் சொன்னது உண்மைதான். முக்கால்வாசி உண்மை. அம்மா சாப்பிடும்போது கண்டங்கள் நகர்வதைப் பற்றிக் கண் விரியப் பேசும் சில நாட்களில், மீதிக் கால்வாசி மகளின் தொண்டையில் வந்து நிற்கும். அப்போதெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்பாள்.

சித்தி வந்தால் அம்மா புத்தகத்தை இஸ்திரித் துணிக்கு அடியில் தள்ளிவிடுவாள். அம்மாவின் தங்கைக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்னக்கா, பரீட்சையா? காப்பி அடிக்க பிட்டு வெட்டித் தரட்டுமா?"

"போடி."

"இல்ல, வீட்டுல ஒருத்தி உழைச்சுக் கொட்ட, ஒருத்தி மேப்பு பாத்துக்கிட்டு இருக்கீங்களே, குடுத்து வச்சவங்கதான்."

சித்தி போனதும் அம்மா படிக்க மாட்டாள். சமையலறையைக் கழுவி விடுவாள். ஏற்கெனவே கழுவியதாக இருக்கும். மகளின் வேலைச் சட்டைகளை எடுத்து வைத்து, மார்பில் கம்பெனி முத்திரை போட்ட சட்டைப்பையை மட்டும் தண்ணீர் தெளித்து இரண்டாம் முறை தேய்ப்பாள். உட்கார்ந்து படிப்பது அவளுக்குக் கடைசிவரை வேலையாகத் தோன்றவில்லை. யாரோ உழைக்கும் நேரத்தைத் திருடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது.

முதல் நாள் வகுப்புக்குள் அம்மா நுழைந்ததும் பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கி, முன்வரிசையில் இருவர் எழுந்தே நின்றுவிட்டார்கள். அம்மா பதறிப்போய், "உக்காருங்க கண்ணு, நானும் உங்க கூடத்தான்" என்று சொல்லிக் கடைசி பெஞ்சுக்கு ஓடினாள். பின்னால் நிஜ விரிவுரையாளர் வந்தார். அவருக்கு ஒருவரும் எழவில்லை. அந்தப் பாவமும் தன்னுடையதுதான் என்று ஒரு வாரம் புலம்பினாள்.

வகுப்பு முடிந்தால் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருப்பாள். ஆலையில் செக்கிங் முடிந்து, போகலாம் என்று ஒருவர் சொல்லாமல் யாரும் எழ முடியாது. ஒருநாள் ஒரு சுருட்டை முடிப் பெண் திரும்பி வந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, யாருக்காக வெயிட் பண்றீங்க?"

"விடுவாங்கன்னுதான்."

"யாரு விடணும்? எழுந்து வாங்க, நானே விட்டுட்டேன்."

அன்றிலிருந்து சுருட்டைதான் தோழி. "ஆன்ட்டின்னு கூப்பிட்டா கடைசி பெஞ்சுலயேதான் இருப்பீங்க" என்று அக்கா ஆக்கி, நடு பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டாள்.

கேள்வி கேட்பதுதான் அம்மாவுக்குக் கடைசிவரை கைவராமல் இருந்தது. புரியாததை மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் சுருட்டை கையைத் தூக்கிக் காற்றோட்டம் பற்றி ஏதோ கேட்டாள். விரிவுரையாளர் மகிழ்ந்துபோய், "நல்ல கேள்வி. அடுத்த வாரம் இதைப் பத்தி நீங்களே பேசுங்க" என்றுவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாத்தியா? எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். வாயைத் தொறந்தா, வேலை நம்ம தலையில!"

மகள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. முதல் தேர்வில் வரைபட அளவு பற்றிய கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். வருட முடிவில் இதில் தேறாவிட்டால் இடம் போய்விடும். மகள் விட்டுக்கொடுத்த நாற்காலி வீணாகப் போகும். அம்மா அப்படித்தான் அதைச் சொன்னாள். கடைசியில் சுருட்டை அவளைக் கையைப் பிடித்து விரிவுரையாளரின் அறைக்கு இழுத்துப் போனாள். அவர் ஒரு நூலையும் ஒரு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்.

அன்று மாலை அம்மா கதவைத் திறந்ததும் திறக்காததுமாகச் சொன்னாள்:

"கேட்டேன்டி! ஒண்ணும் ஆகல. திட்டல. என்கிட்டயே திருப்பியும் குடுக்கல. நூலை வச்சு அளந்து காட்டினாரு, அவ்வளவுதான். நூலாம், என்கிட்டயே!"

அது அவள் போவதற்கு முந்தின வாரம். வாயைத் திறக்க அப்போதுதான் பழக ஆரம்பித்திருந்தாள்.

*

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, சித்தி மட்டும் தங்கிப் பாத்திரம் தேய்த்தாள். "இந்த வயசுல அவளை யாரு படி ஏறச் சொன்னா?" என்று குழாயைப் பார்த்துக் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஏறச் சொன்னது யார் என்று மகளுக்குத் தெரியும். மனுப் போட வைத்தவள்.

பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. நாலாவது மாடியில் அம்மாவின் லாக்கரைக் காலி செய்து தர வேண்டும். மகள் சக்கரப் பையை எடுத்துக்கொண்டு போனாள். தெருவில் அது நன்றாகவே உருண்டது. மாட்டியபின் அம்மா கூடத்தில் ஒரே ஒரு நடை இழுத்ததுதான்.

கட்டடத்துக்குள் நுழைந்ததும் அவள் கண் வழக்கம்போல லிஃப்டைத் தேடியது. தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. பழைய ரகம், கையால் இழுத்துச் சாத்தும் மடிப்புக் கம்பிக் கதவு. கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது.

கிட்டே போனாள். துணியின் ஓரம் பிரியாமலிருக்கப் பல் பல்லாக வெட்டியிருந்தது. இழுத்தால் இறுகும் முடிச்சு. பண்டல் கட்டும் முடிச்சு. மகள் அப்படியே குனிந்து பையைத் திறந்தாள். உள்ளே லைனிங்கில் ஒரு மூலையில் ஒரு பட்டை இல்லை. வெட்டிய இடத்தை அம்மா மடித்துத் தைத்து நேர்த்தியாக மூடியிருந்தாள். சனிக்கிழமை இதே பையைக் கவிழ்த்துப் போட்டுத் துளை போட்டவளுக்கு இது கண்ணில் படவில்லை.

கம்பி வழியே உள்ளே பார்த்தாள். கதவு சாத்தியதை லிஃப்டுக்குச் சொல்லும் சின்னத் தகடு ஒன்று, கதவின் ஓரத்தில், வளைந்து விலகி நின்றது. அது தொடாவிட்டால் லிஃப்ட் நகராது. டீ ஆறுவதற்குள் நிமிர்த்திவிடலாம். தகட்டுக்கு மேலே, கண் மட்டத்தில், கம்பெனி ஒட்டிய வில்லை இருந்தது. அவள் சட்டைப் பையில் இருக்கும் அதே முத்திரை. அம்மா தண்ணீர் தெளித்துத் தேய்த்தாளே, அது. மகளின் கம்பெனிதான். அழைத்தால் மட்டும் போகிற ஒப்பந்தம். யாரும் அழைக்கவில்லை.

'உங்க ஆளுங்க யாராவது அந்தப் பக்கம் வருவாங்களா?'

பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். சக்கரம் படியில் உருளாது. தூக்கத்தான் வேண்டும், பலகையும் அச்சுமாக அது இப்போது முன்பைவிடக் கனம். அதை மாட்டிய கைக்குத்தான் அது தெரிந்தது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேலிருந்து இறங்கி வந்த சுருட்டை முடிப் பெண் பையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"நீங்க அக்காவோட பொண்ணா?"

மகள் தலையசைத்தாள். அந்தப் பெண் பையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் ஓரமாக ஒரு அகலமான கல் விளிம்பு இருந்தது.

"இங்கதான் உக்காருவாங்க. 'நீ முன்னாடி போ, நான் கொஞ்சம் உலகத்தைப் பாத்துட்டு வரேன்'ம்பாங்க. இந்த ஜன்னல்ல குப்பைத்தொட்டிதான் தெரியும்."

"லிஃப்ட் ஓடலைன்னு நீங்க யாரும் ஆபீஸ்ல சொல்லலையா?"

"சிவப்புத் துணி கட்டியிருந்துச்சா, ஆபீஸ்காரங்கதான் கட்டியிருப்பாங்க, ரிப்பேருக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சோம்" என்றாள் சுருட்டை. பிறகு தயங்கி, "அக்கா கட்டினதுன்னு அப்புறமாதான் எனக்குத் தெரியும். 'ஆபீஸ்ல சொல்லுவோம் வாங்கக்கா'ன்னேன். 'வேண்டாம், மெக்கானிக் பாத்தா அவங்களுக்கே புரியும்'னுட்டாங்க. தினமும் காலையில அந்தத் துணி இருக்கான்னு ஒரு பார்வை பாத்துட்டுத்தான் படி ஏறுவாங்க. துணி இல்லேன்னா சரி பண்ணிட்டாங்கன்னு அர்த்தமாமே?"

"ஆமா" என்றாள் மகள்.

"எந்த மெக்கானிக்குன்னு கேட்டேன். 'எனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான். அவளுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல வேலை, நான் வாயைத் தொறந்தா இதுவும் அவ தலையில விழும்'னாங்க."

மகள் கல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

அம்மா வாயைத் திறக்காமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. ஒருமுறை தோசைக்கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, 'எங்க கட்டடத்துல லிஃப்ட் ஓடலடி' என்றாள். இன்னொரு முறை, வலிக்கும் தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே. கடைசியாகச் சனிக்கிழமை. மெக்கானிக்கின் கண்ணுக்கு முன்னால் துணியை இத்தனை முறை ஆட்டிக் காட்டியிருக்கிறாள். ஆலையில் அந்த மனிதர் ஒருமுறைகூடப் பார்த்துவிட்டுக் கடந்து போனதில்லை. இந்த மெக்கானிக் பார்த்தாள். கம்ப்ளைண்ட் கேட்டாள்.

லாக்கரில் ஒரு குடையும், நூல்கண்டு ஒன்றும், மடித்து மடித்துக் கிழியப்போன உலகப்படமும் இருந்தன. பைக்குள் வைத்தாள். சுருட்டை கீழே வரை கூடவே வந்து, வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லிவிட்டு மறுபடி படி ஏறிப் போனாள்.

மகள் லிஃப்டுக்கு முன்னால் நின்றாள். கால்சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அது எப்போதும் இருக்கும். கை தானாக அதற்குப் போயிற்று. பிறகு கையை எடுத்துவிட்டாள். முடிச்சையும் அவள் தொடவில்லை.

தாழ்வாரத்தின் மறுகோடியில் கட்டட அலுவலகம். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஊழியர் பேனாவால் காது குடைந்துகொண்டிருந்தார். வெளியே வரிசை எதுவும் இல்லை. லிஃப்டிலிருந்து அந்த ஜன்னலுக்கு நடை தூரம்கூட இல்லை, கூப்பிட்டால் கேட்கும்.

"சார், லிஃப்ட் ஓடல."

"தெரியுமே. அதான் துணி கட்டி வச்சிருக்காங்களே. கம்பெனியில வந்து பாத்துட்டுப் போயிருப்பாங்க."

"யாரும் வரல சார். யாரும் சொல்லவும் இல்ல."

"அப்படியா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடப்பாவமே, இத்தனை நாளா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே போன் போட்டிருப்பேனே." போனை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டார். "யாரு சொன்னதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

"புவியியல், முதல் வருஷம். நாலாவது மாடி."

அவர் அவளுடைய வேலைச் சட்டையையும், சக்கரம் வைத்த நீலப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களா படிக்கிறீங்க?"

"எங்கம்மா" என்றாள் மகள். "திங்கக்கெழம மொத வேலையா வந்து சொல்றேன்னு சொல்லியிருந்தாங்க."